டாக்டர் ஹூ மேகசின்: தாளா, திரையா?

மூன்று வருடம் டிஜிட்டலில் படித்துவிட்டு, இந்தத் தையில் மறுபடி அச்சுப் பிரதிக்கே சந்தா கட்டிவிட்டேன். காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துப் பத்திரிகைக்குத் தபால் செலவா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடர் 1963இல் பிபிசியில் தொடங்கியது. அதைப் பற்றிய இந்தப் பத்திரிகை 1979 அக்டோபரில் வார இதழாக வந்து, அடுத்த வருடமே மாத இதழானது. 1989இல் தொடர் நின்று, நடுவே 1996இல் ஒரே ஒரு டிவி படம் தவிர ஒன்றுமில்லாமல், 2005இல்தான் திரும்பி வந்தது. அத்தனை வருடமும் பத்திரிகை நிற்கவில்லை. என் மரியாதை முழுக்க அதற்குத்தான்.

சரி, ஒப்பீடு. வேகத்திலும் விலையிலும் டிஜிட்டல்தான், பேச்சே இல்லை. தபாலில் வருவதற்குள் பாதி ரகசியம் எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும். சித்திரக்கதைக்குத் தாள், இரண்டு பக்கத்துக்கு விரியும் படத்தை போனில் இழுத்து இழுத்துப் பார்ப்பது படிப்பதில் சேர்த்தியில்லை. பெரிய டேப்லெட்டில் எப்படியோ, என்னிடம் அது இல்லை.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. இங்கே தாளுக்குக் கரையானும் ராமபாணமும் எதிரி என்பார்கள். என் அனுபவத்தில் அதைவிட மோசம் ஈரம். ஒரு ஐப்பசி மழையில் வளவு ஓரத்து அலமாரிக்கு மேலே ஓடு ஒழுகி, அடியில் இருந்த எட்டு இதழ்கள் நனைந்துவிட்டன. வழவழப்பான தாள் இல்லையா, காய்ந்ததும் பலகை மாதிரி ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிரித்தும் தொடரின் நாயகனான டாக்டராக நடித்த ஒருவரின் பாதி முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. அந்த எரிச்சலில்தான் டிஜிட்டலுக்கே போனேன். அப்புறம் ஒரு நாள் போனை மாற்றினேன், பழைய மின்னஞ்சல் திறக்கவில்லை, மூன்று வருட இதழ்களும் ஒரே நாளில் போயின! ஒழுகலில்கூட எட்டுதான் போனது.

இப்போது இதழ்கள் எல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள தேக்குப் பீரோவில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே, சுவரை ஒட்டாமல் இருக்கின்றன. அப்பத்தா சொன்னபடி துணியில் முடிந்த வசம்பு தட்டுக்கு ஒன்று, மாசம் ஒரு தடவை வெயில் படாத இடத்தில் எடுத்துவைத்துக் காற்றாட விடுவது, அவ்வளவுதான். பத்து வருடம் தாங்குமா என்பதைப் பத்து வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும்.

விற்றால் என்ன கிடைக்கும் என்று முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு இதழைக் காட்டினேன். அட்டையில் இருந்த டாலெக்கை, அதாவது தொடரில் டாக்டரின் இயந்திர எதிரியை, கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, மிளகு அரைக்கிற மெஷினா? பழைய பேப்பர் ரேட்டுதான் வரும்" என்றார். டிஜிட்டலுக்கு அந்த ரேட்டும் கிடையாது.