வாடகை வீட்டுக்கு ஆத்தங்குடி கல் சரிவருமா?

ஆடியில் செட்டிநாட்டுப் பக்கம் வீடு மாறுவோர் அரிது. காலியாகக் கிடக்கும் வாடகை வீட்டில் தரை மாற்ற அதைவிட நல்ல மாதம் இல்லை.

ஆத்தங்குடி கல் என்பது செட்டிநாட்டு ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் தரைக்கல்; சூளையில் சுடாதது. கண்ணாடித் தட்டில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. வண்ணம் மேலே சில மில்லிமீட்டர்தான். மெஷின் பாலீஷ் வேண்டாம்.

கூடத்துக்கு அருமை. குளியலறைக்கும் அடுப்படிக்கும் வேண்டவே வேண்டாம்: கழுவ ஊற்றும் ஆசிட் வண்ணத்தை அரித்துவிடும், புளியும் எலுமிச்சையும் கறை விடும். ஆசிட் ஊற்றக் கூடாது என்று குடிவருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள் (சொன்னாலும் ஊற்றுவார்கள்!). கைவேலை என்பதால் நிறம் தடவைக்குத் தடவை மாறும். பத்துக்கு ஒன்று கூடுதலாக, ஒரே தடவையில் வாங்கி வையுங்கள்.