எஃப்1 டிவி ப்ரோ: படத்தைவிட நேரப் பலகைக்கே காசு

பந்தயத்தைப் படமாகப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், 2018-இல் தொடங்கிய இந்த ஃபார்முலா 1 கார்ப்பந்தய நேரலைச் சந்தாச் சேவையின் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. இதன் உயிர் லைவ் டைமிங்கில், அதாவது ஒவ்வொரு காரின் நேரத்தையும் உடனுக்குடன் காட்டும் பலகையில் இருக்கிறது.

அதில் ஊதா நிறம் என்றால் தடத்தின் அந்தப் பகுதியில் எல்லோரையும் விட வேகம், பச்சை என்றால் ஓட்டுநரின் சொந்த வேகத்தில் சிறந்தது, மஞ்சள் என்றால் முன்னேற்றமில்லை. பந்தயத்தின்போது நிறத்தைவிட இடைவெளியைக் கவனியுங்கள். பல தடங்களில் டயர் மாற்ற, தடத்தோரம் இருக்கும் பிட் என்ற பணியிடத்துக்குள் போய்வர 20 நொடிக்கு மேல் செலவாகும். முன்னணிக் காருக்கும் பின்னால் வரும் காருக்கும் உள்ள இடைவெளி அதைத் தாண்டிவிட்டால், இடத்தை இழக்காமலே டயர் மாற்றலாம். விபத்து போன்ற சமயத்தில் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். மற்றவர்கள் மெதுவாகப் போவதால் பிட்டில் இழக்கும் நேரம் குறைந்துவிடும்.

காரிலேயே பொருத்திய ஆன்போர்டு கேமரா அற்புதம்! நேர்ச்சாலையின் முடிவில் பிரேக் பிடிக்கும் முன்பே எஞ்சின் சத்தம் தணிகிறதா என்று கேளுங்கள். தணிந்தால், ஓட்டுநர் எரிபொருளையோ பிரேக்கையோ மிச்சம் பிடிக்கிறார்.

குறை என்றால் தாமதம். காணொளியைத் துண்டு துண்டாக அனுப்புவதால் படம் பல நொடி பிந்தி வரும். முந்திச் செல்வது பலகையில் முதலில் தெரிந்துவிடும். பலகையைக் கைபேசியில் பார்த்தால், கடைசிச் சுற்றுகளில் அதைக் கவிழ்த்து வையுங்கள்.

நேரலைக்கு ஏற்கெனவே வேறு சந்தா இருந்தால், டைமிங்கோடு வரும் இதே சேவையின் மலிவான ஆக்சஸ் திட்டமே போதும்.