முழங்கால் தேய்மானம்: மெய்ட்லாந்தா, மல்லிகனா?

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சென்னிமலையில் தறிக்குழியில் கால் போட்டு மிதித்தே பாதி ஆயுள் போனவர். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானதும், பிசியோதெரபியில் கையால் செய்யும் முறைகளில் எதைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. எண்ணெய் போட்டு நீவுவதும் பார்த்தோம். அன்றைக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

மெய்ட்லாந்து முறை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. படுக்க வைத்து, முட்டிக்குக் கீழ் எலும்பைத் தாளம் தப்பாமல் தள்ளித் தள்ளி விடுவார்கள். நாலு படி உண்டு: முதல் இரண்டும் வலிக்கு, அடுத்த இரண்டும் விறைப்புக்கு. காலை அசைக்கவே பயப்படுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் வேலை முழுக்கத் தெரபிஸ்ட் கையில்தான்.

மல்லிகன் முறை நியூசிலாந்துக்காரருடையது. தெரபிஸ்ட் எலும்பைப் பக்கவாட்டில் நகர்த்தியோ உள்பக்கம் திருப்பியோ பிடித்திருக்க, நாமே காலை மடக்க வேண்டும். வலிக்கவே கூடாது என்பதுதான் விதி.

"வலிச்சா சொல்லிப்போடுங்கம்மா" என்றாள் தெரபிஸ்ட் பெண். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல கண்ணு, நீ பாட்டுக்குப் பண்ணு" என்றார். அவள் உடனே கையை எடுத்துவிட்டாள். "இது பொறுத்துக்கிற வைத்தியமில்லீங்கம்மா." பிடியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி மடக்கச் சொன்னபோது, கால் வலியில்லாமல் இன்னும் உள்ளே போனது. எந்தத் திசையில் பிடித்தாலும் வலித்தால் இந்த முறையையே விட்டுவிட வேண்டுமாம்.

என்னைச் சாய்த்தது வேறொன்று: வீட்டில் தொடர முடிவது. ஈரோட்டுக்குப் போய்வர பஸ் படி ஏறி இறங்குவதிலேயே பாதி பலன் போய்விடுகிறது. கட்டணம் ஒரு பக்கம், கூடப் போகிறவர் வேலையை விடுவது ஒரு பக்கம். மெய்ட்லாந்துக்கு ஒவ்வொரு முறையும் இந்தச் செலவு உண்டு. மல்லிகனில், ஆடாத நாற்காலியில் பாதத்தை வைத்து, முட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து உள்பக்கம் திருப்பியபடி முன்னால் சாய்ந்தால் போதும். பிடியை மட்டும் தெரபிஸ்ட்டிடம் நேரில் பழக வேண்டும். வீடியோ பார்த்துச் செய்கிற காரியமில்லை.

தசை ஆற்றல் முறை என்று இன்னொன்று. தொடையின் பின்தசையால் தெரபிஸ்ட்டின் கையை லேசாக எதிர்த்து அழுத்தச் சொல்லி, சில விநாடி பிடித்து, தளர்ந்ததும் நீட்டுவது. கால் முழுசாக நீளாதவர்களுக்குப் பொருந்தும். அம்மாவுக்கு மடக்குவதில்தான் சிக்கல் என்பதால் அதிகம் செய்து பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் தொடைக்கான பயிற்சியை விட முடியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் (2022) கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டுமே யோசிக்கலாம் என்கிறது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல், பயிற்சியோடு இதைச் சேர்ப்பதற்கே 'வேண்டாம்' பக்கம் சாய்கிறது. அம்மாவின் கால் மடங்குவதைக் கண்ணால் பார்ப்பதால்தான் தொடர்கிறோம். மற்றபடி, முட்டி சூடாகி வீங்கிய நாளில் மூன்றுமே வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.