பதினொரு வருடக் கராத்தே: எது கைகொடுத்தது, எது கைவிட்டது

2012 ஆம் ஆண்டு தை மாதம், பரந்தனுக்கு அண்மையில் பாதிக் கூரை மட்டும் வேய்ந்திருந்த ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த ஷோட்டோகான் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். 2023 வரை வாரத்தில் மூன்று நாள் விடாமல் போனேன்; இடையில் கறுப்புப் பட்டியும் கிடைத்தது. வரிசையில் நின்று பழகும் இந்தப் பயிற்சிகள் உண்மையான அடிபிடிக்கு உதவுமா என்று, பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. வீதியில் எவருடனும் நான் கைகலந்ததில்லை. ஆகையால், கையுறை அணிந்து, எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் மோதும்போது கண்டதை மட்டுமே வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஒன்றரை மணி நேர வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல், கிஹொன் எனப்படும் அடிப்படை அசைவுகளுக்கும், கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு மோதும் தொடர் அசைவுகளான காட்டாவுக்கும் போய்விடும். "இச்சி, நி, சான்" என்று மாஸ்டர் எண்ண, ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும்; முழங்கை சற்று விரிந்தாலும் அவருடைய பிரம்பு வந்து தொடும். நான்கு வருடம் இதைச் செய்தபின், என் கை என்னைக் கேட்காமலே இடுப்புக்குப் போகப் பழகிவிட்டது. எங்கள் மண்டபத்தில் அதைத்தான் தேர்ச்சி என்று மெச்சினார்கள்.

2016 இல், வவுனியாவில் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்த சித்தியின் மகன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தான். அவன் பழகத் தொடங்கி ஏழு மாதம்தான். மாமரத்தின் கீழ் கையுறை போட்டு நின்றோம். நான் முதற்குத்தை விட்டு மற்றக் கையை வழக்கம்போல் இடுப்புக்கு இழுத்த கணத்தில், திறந்து கிடந்த அந்தப் பக்கத்தால் அவனுடைய குத்து வந்து மூக்கில் இறங்கியது. கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றேன். மறுபடியும் அதே இடம். "அண்ணை, கையை ஏன் இடுப்பில கொண்டுபோய் வைக்கிறியள்?" என்று அவன் உண்மையாகவே விளங்காமல் கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

எதிரியின் கையையோ சட்டையையோ பற்றி இழுத்துக்கொண்டு குத்துவதற்கான அசைவு அது என்று பலரும் விளக்குவதைப் பிறகுதான் அறிந்தேன். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இத்தோசு அங்கோ 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒழுங்குபடுத்திய ஐந்து காட்டாக்களுக்கே ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சின் பின்னர் ஹெய்யான் என்று பெயரிட்டார். நாங்கள் முதலில் பழகிய, 21 அசைவுகள் கொண்ட காட்டாவும் அவற்றில் ஒன்று. பெரிய கூட்டத்தை ஒரே எண்ணிக்கையில் பழக்குவதற்கு அது மிக வசதியானது. ஆனால் அப்படிப் பழகும்போது, பற்றி இழுக்கப்பட வேண்டிய ஆள்தான் முதலில் காணாமற் போகிறார். 1882 இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ வேறு வழியில் போனார்: ஆபத்தான உத்திகளை ஒதுக்கி, எஞ்சியவற்றை ஒருவர்மேல் ஒருவர் முழுப் பலத்தோடு முயன்று பார்க்க மாணவர்களை விட்டார்.

மூக்கு ஆறியபின், வகுப்பு முடிந்து அரை மணி நேரம் நாங்கள் நால்வர் தங்கி, கையுறையும் பற்காப்பும் போட்டு மோதத் தொடங்கினோம். காட்டாவில் உள்ள பெரிய தடுப்புகள் எதுவும் அங்கே எடுபடவில்லை; குத்து வந்து சேர்ந்த பிறகே கை மேலே எழுந்தது. முன்னுதையோ வியக்கும் அளவுக்கு எடுபட்டது. முழங்காலைத் தூக்கி நேராக நீட்டும் அந்த அசைவை ஆயிரக்கணக்கான தடவை வெறுங்காற்றில் செய்திருந்ததால், இடைவெளியைக் கணிக்கப் பழகிய ஆறு மாதத்துக்குள் அது தானாகவே வயிற்றில் போய் நின்றது.

முள்ளியவளைப் பக்கத்தில் சிலம்பம் பழக்கும் ஐயா ஒருவரிடம் 2019 இல் சில மாதம் போனேன். அங்கேயும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான்: நெற்றி உயரக் கம்பு, காலடி, மறுபடி காலடி. ஆனால் அவர் சின்னக் கம்பொன்றோடு சுற்றிவந்து, கால் பிந்தினால் கணுக்காலில் ஒன்று போடுவார். எப்போது விழும் என்று தெரியாது. "கம்பு சுத்திறது திருவிழாச் சனத்துக்கு, காலடி உனக்கு" என்பார். எங்கள் மாஸ்டரிடமும் பிரம்பு இருந்தது. அது முழங்கையின் அழகைத்தான் பார்த்தது.

கராத்தே வகுப்பில் எனக்கு மாறாத குறை, பட்டிப் பரீட்சை. கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மோதவிட்டுப் பார்க்காமல், காட்டாவை மட்டும் பார்த்து மேற்பட்டி கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு மாலை முழுவதும் போய் இருந்து, பிள்ளைகளுக்குக் கையுறை போட்டு மோதவிடுகிறார்களா என்று பாருங்கள்.

சென்ற சித்திரையில் சித்தியின் மகன் மறுபடி வந்தான். அதே மாமரம், மூன்று சுற்று. அவனுடைய குத்து என் மூக்கில் ஒன்று. என் முன்னுதை அவன் வயிற்றில் இரண்டு.