முற்றத்து வெயிலில் நீலப்படம்: சயனோடைப் பெட்டி ஒரு மதிப்புரை

வெயிலையும் தண்ணீரையும் கொண்டே ஒளிப்படம் அச்சிடுவதற்கான சயனோடைப் பெட்டிகள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டு பழுப்பு நிறப் பாட்டில்கள், ஒரு தட்டைத் தூரிகை, கொஞ்சம் தடித்த தாள்கள், ஒரு கண்ணாடித் தகடு, கையுறை, குறிப்புத் தாள் என்று ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. செட்டிநாட்டில், பெரும்பாலான அறைகள் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டில் அப்பத்தாவும் நானுமாக இருந்துகொண்டு இதைப் பயன்படுத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். வீட்டோடு இருக்க வேண்டியவர்களுக்கு, அதிலும் வயதானவர்களைத் துணையிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான ஒரு கலைச் சாதனத்தை நான் கண்டதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் இந்த முறையைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளைத் தாளின்மேல் பரப்பி, வெயிலில் அச்செடுத்து, ஒளிப்படங்களோடு கூடிய முதல் நூலாகப் போற்றப்படும் தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். பிற்காலத்தில் பொறியாளர்கள் கட்டட வரைபடங்களைப் படியெடுத்ததும் இதே முறையில்தான். ஒரு பாட்டிலில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், மற்றொன்றில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டின் கரைசலையும் சம அளவில் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படும் இடங்களில் இரும்பு உப்பு மாறுதலடைந்து பிரஷ்ய நீலமாகிறது. நிழல் விழுந்த இடத்தில் உள்ள பூச்சு தண்ணீரில் கரைந்து போய், தாளின் வெண்மை தெரிகிறது. கேமராவோ விலை உயர்ந்த விளக்கோ தேவையில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லாமலே ஒன்று விளங்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் இந்த வீடுகளில், வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக் குடும்பத்துக்கு உரியவை. கல்யாணம், முன்னோர்களைக் கும்பிடும் படைப்பு என்றால் அத்தனை கதவும் திறக்கும். மற்ற நாட்களில் சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும். நூறு பேர் பந்தியில் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் சாப்பிட்டு எழும்போது ஏற்படும் தனிமை, சின்ன வீட்டுத் தனிமையிலிருந்து வேறுபட்டது. ஆனால் இந்தப் பெட்டிக்கு வேண்டிய வசதிகள் எல்லாம் இதே வீட்டில் அமைந்திருப்பதுதான் எனக்கு வியப்பு. சன்னல் சிறுத்த உள்ளறை, தாளில் கரைசல் பூசுவதற்கும் உலர்த்துவதற்கும் ஏற்ற இருட்டறை. உச்சிப் பொழுதில் நேரே வெயில் இறங்கும் முற்றம், அச்செடுக்கும் களம். சுற்றிவர உள்ள பத்தியின், அதாவது தாழ்வாரத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டு தாளை மட்டும் வெயிலில் நீட்டி வைக்கலாம். இலை, பூ போன்றவற்றுக்கு எங்கள் வெயிலில் ஏழெட்டு நிமிடம் போதும். மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் பூச்சு, கருத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி எந்தக் குறிப்புத் தாளும் போதிய அளவு சொல்வதில்லை. பிரஷ்ய நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் அலசிய படங்கள் வெளிறிப்போயின. அதே தாள், அதே கரைசல், அதே வெயிலில் எடுத்தவற்றை மழைத் தண்ணீரில் அலசியபோது நீலம் ஆழமாக நின்றது. நான்கு புறமும் ஓடு முற்றத்தை நோக்கிச் சரிந்து, மழை நீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொள்ளும்படி வீடு கட்டிய முன்னோர்களை அன்று மனதாரக் கும்பிட்டேன். மழை நீர் இல்லாதவர்கள் ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் போதுமானது. அலசிய படத்தைச் சோடா கலந்த சோப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இனி இந்தப் பெட்டியை நான் போற்றுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். செல்பேசியில் படம் எடுக்க ஒரு ஆளும் ஒரு கணமும் போதும். சயனோடைப்புக்கு நேரம் வேண்டும்; பெரும்பாலும் இன்னொருவரின் கையும் வேண்டும். அப்பத்தாவின் கையையே அச்செடுக்க முயன்றபோது இது எனக்கு நன்றாகப் புரிந்தது. பூச்சு தோலில் படாமலிருக்கத் தாளின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, பத்தியின் ஓரத்தில் அவரை உட்கார வைத்து, வலது கையை மட்டும் வெயிலில் வைக்கச் சொன்னேன். "இன்னும் எம்புட்டு நேரம் ஆத்தா?" என்று இருமுறை கேட்டாரே தவிரக் கையை எடுக்கவில்லை. அலசிப் பார்த்தால், உள்ளங்கையின் அடிப்பகுதி கத்தரித்தது போலத் துல்லியமாக இருந்தது; விரல்கள் மட்டும் விளிம்பில் மங்கியிருந்தன. மூட்டு வாதத்தில் கணுக்கள் வீங்கி, விரல்கள் தாளில் படியாமல் தூக்கி நின்றதால், அந்த இடைவெளியில் வெயில் புகுந்திருக்கிறது. எத்தனையோ மாதமாக அவர் கைக்குத் தைலம் தேய்த்து வந்த எனக்கு, அந்த விரல்கள் எவ்வளவு வளைந்துவிட்டன என்பதை அந்த நீல விளிம்புதான் காட்டியது.

அதன்பின் எதை அச்செடுக்கலாம் என்று அவரே சொல்லத் தொடங்கினார். வேப்பங்கொழுந்து, குங்குமச் சிமிழ், பிரிந்துபோன பழைய கொட்டானின் (ஓலைக் கூடை) அடித்தட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. கொட்டானின் பின்னல் இடுக்குகளில் வெயில் இறங்கியதால், ஓலை ஓடிய திசையெல்லாம் வெள்ளைக் கோடுகளாகவும் இடுக்குகள் நீலப் புள்ளிகளாகவும் பதிந்தன. அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பின்னலைத் தனக்குக் கற்றுக்கொடுத்த தன் மாமியாரைப் பற்றி அவர் பேசியதில் பாதிக்கு மேல் நான் அதுவரை கேள்விப்படாதது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போடும் படங்களுக்குக் கட்டைவிரல் அடையாளங்கள் உடனே வந்துவிடும், பேச்சு வராது. நீலப்படங்களை நான் அதில் போடவில்லை. அஞ்சல் உறையில் வைத்து, பின்புறம் இரண்டு வரி எழுதி, உறவினர்களுக்கு அனுப்பினேன். கோலாலம்பூரில் உள்ள அத்தை, அப்பத்தாவின் கைப்படம் கிடைத்த அன்று தொலைபேசியில் அழைத்து, வெகுநேரம் தன் தாயுடன் பேசினார். சென்னையிலுள்ள பங்காளி ஒருவர் செய்தது நான் எதிர்பாராதது. அவர் தன் அறைச் சாவியைக் கூரியரில் அனுப்பி, உள்ளே மரப்பெட்டியில் தன் அப்பச்சி (அப்பா) பாக்ஸ் கேமராவில் எடுத்த நெகட்டிவ்கள் இருக்கும், முடிந்தால் அச்செடுத்துப் பார் என்றார். படைப்புக்குத் தவிர வேறெதற்கும் திறந்து நான் பார்த்திராத கதவு அது. உள்ளே, எண்ணெய்த் தாளில் சுற்றி, 120 அளவுப் பிலிம் நெகட்டிவ்கள் இருந்தன. ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் அளவுள்ள அவற்றைப் பெரிதாக்காமல் அப்படியே தாளின்மேல் வைத்து அச்செடுக்கலாம். சில நெகட்டிவ்கள் மெலிந்துபோனவை. சயனோடைப்புக்குக் கருமை வெண்மை வேறுபாடு அழுத்தமாக உள்ள நெகட்டிவ் வேண்டுமாதலால், அவை சப்பென்றுதான் வந்தன. நன்றாக வந்தவற்றில் ஒன்று, எங்கள் முகப்பில் எடுத்த கல்யாணப் படம். தூண் ஓரத்தில் நிற்கும் பெண்களை அப்பத்தா விரல் வைத்து, முறை சொல்லி, பெயர் சொல்லி, எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பது வரை சொல்லிக்கொண்டே போனார். அதை அப்படியே எழுதி, படத்தோடு சென்னைக்கு அனுப்பினேன். சாவியை அவர் திரும்பக் கேட்கவில்லை.

செல்பேசிப் படங்களையும் அச்செடுக்கலாம். கறுப்பு வெள்ளையாக்கி, நிறங்களைத் தலைகீழாக மாற்றி, காரைக்குடியில் நல்ல ஜெராக்ஸ் கடை எதிலும் ஒளிபுகும் ஓ.எச்.பி. தாளில் எடுத்துக்கொண்டால் நெகட்டிவ் தயார். இதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட வெயில் தேவைப்படும்.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் தாள்கள் மெல்லியவை. அலசும்போதே சுருண்டு, ஓரம் பிய்ந்தன. நீர்வண்ண ஓவியத்துக்கான தாளைத் தனியாக வாங்கிய பிறகே படங்கள் நிமிர்ந்தன. ஒரு பாட்டிலின் மூடி சரியாக இறுக்கப்படாமல், கரைசலில் கொஞ்சம் உறைக்குள் கசிந்திருந்தது. குறிப்புத் தாளில் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. நம் ஊரில் விற்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சிடுவது பெரிய செலவு அன்று. எல்லாவற்றையும்விட, பாதுகாப்புக் குறிப்பு போதாது. பொட்டாசியம் ஃபெரிசயனைடைச் சாதாரணமாகக் கையாள்வதில் அச்சப்பட ஒன்றுமில்லை என்றாலும், அடர் அமிலத்தோடு சேர்த்தாலோ சூடாக்கினாலோ நச்சு வாயு உண்டாகும். கழிவறை கழுவும் அமிலம் எல்லா வீட்டிலும் இருக்கும் நிலையில், இதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டாமா? சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைகள் செய்யும்போது பூசும் வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைசல் தீர்ந்ததும் மறுபடி முழுப் பெட்டி வாங்குவது வீண் செலவு. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டு உப்புகளும் தனித்தனியே கிடைக்கின்றன. 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் அழகப்பா கல்லூரிகளும் உள்ள காரைக்குடிப் பக்கத்தில், இவற்றை எடைபோட்டுக் கரைக்க உதவும் மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. 100 மில்லி வாலைவடி நீருக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம். இன்னொரு 100 மில்லிக்குப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். தனித்தனியே பழுப்பு பாட்டில்களில் வைத்தால் பல மாதம் இருக்கும், ஆனால் முதல் கரைசலில் பூஞ்சை படர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கலந்ததை அன்றே பயன்படுத்திவிடுவது நல்லது.

சுவரில் மாட்டிய படம் வெயில் பட்டு வெளுத்தால் பதற வேண்டாம். இருட்டில், காற்றுப் படும்படி சில நாட்கள் வைத்தால் நீலம் பெருமளவு திரும்பிவிடும். நான் உள்ளறையில் வைத்து எடுத்தேன், திரும்பியது.

உடனுக்குடன் படம் வேண்டும் என்பவர்களுக்கும், வெயில் நேரே விழாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முற்றமோ மொட்டை மாடியோ உள்ளவர்கள், கூட உட்கார ஒருவரும் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது பெட்டியில் உள்ள தாளின் தடிமனைக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு (ஜி.எஸ்.எம்.) குறைவு என்றால் வேறு பெட்டியைப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூசிய தாள் உலராமல் தானாகவே நீலம் பாய்ந்துவிடுவதால், அந்தச் சமயம் வாங்குபவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் பெட்டியைத் திறப்பதே சரி.