குமரிக் கரையில் உதயமும் அஸ்தமனமும்: மாதம் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

"உதயம், அஸ்தமனம் இரண்டும் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும்" என்று விடுதிக்காரர் சொன்னதை நம்பி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், கடல் பார்த்த அறை என்பதற்காகக் கூடுதல் வாடகை கொடுத்துக் கன்னியாகுமரியில் தங்கினேன். விடியற்காலை 5 மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். உதயம் சொன்னபடியே கிடைத்தது. மாலையில்தான் ஏமாற்றம். சூரியன் கடலில் இறங்காமல், மேற்கே தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வரவேற்பு மேசையில் கேட்டதற்கு "மேகம் சார்" என்றார்கள். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கூட இல்லை. அவர்கள் சொல்லாததும் நான் விசாரிக்காததும் மாதக் கணக்கு.

குமரி முனையிலிருந்து பார்த்தால் மேற்குக் கரை இவ்வூரை ஒட்டிய கோவளம் (கேரளத்துக் கோவளம் அல்ல), மணக்குடி, முட்டம் என்று மேற்கும் சற்று வடக்குமாகச் செல்கிறது. சூரியனோ ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. இந்த அட்சரேகையில் ஜூன் மாதம் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கிலும், டிசம்பரில் அதே அளவு தெற்கிலும் மறைகிறது. ஆகவே ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை முனையில் நிற்பவருக்கு அஸ்தமனம் நிலத்தின் மேல்தான் நிகழும். அக்டோபர் முதல் மார்ச் வரை கடலில் எழுவதையும் கடலில் விழுவதையும் ஒரே ஊரில் பார்த்துவிடலாம். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர், பாதிக் காட்சிக்கு முழுக் காசு கொடுத்துப் போகிறார்கள் என்பது என் கணிப்பு.

உதயத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. பகவதி அம்மன் கோயிலை ஒட்டிய கரையிலும் முக்கடல் சங்கமத்தின் படித்துறையிலும், நல்ல இடம் வேண்டுமென்றால் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே போய் நிற்க வேண்டும். உண்மையில் பார்க்கத் தகுந்தது சூரியன் தலைகாட்டுவதற்கு முந்தைய 20 நிமிடம்தான்: விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் முதலில் கறுப்பு நிழலாக நின்று, பின் கல்லின் நிறத்துக்கு மெல்லத் திரும்பும். சூரியன் ஜூனில் பாறைகளுக்கு இடப்பக்கம் விலகி எழும். டிசம்பரில் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். சிலையின் தோளருகே வட்டம் நிற்கும் படத்துக்கு ஆசைப்படுபவர்கள் அதற்கேற்பக் கரையில் முன்பின் நகர்ந்துகொள்ள வேண்டும். விளிம்பு தெரிந்த கணத்திலிருந்து முழு வட்டமும் கடலை விட்டு மேலெழ இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த நேரத்தில் கைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்துவோரின் முழங்கைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே நேரம் பார்த்து வண்ண மணல் பொட்டலமும் சங்கு மாலையும் விற்பவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். சுக்குக்காப்பிக்காரரை மட்டும் நான் மன்னித்துவிடுவேன். பாறைக்கே போய் உதயம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குத்தான் புறப்படும்.

நேரத்தில் சென்னைக்காரர்கள் ஏமாறுவதுண்டு. சென்னையில் கோடையில் 5.45 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். இங்கே மே மாத இறுதியிலும் 6 மணிக்கு முன் உதயமில்லை. ஜனவரிக் கடைசியில் அது 6.40 வரை தள்ளிப்போகும். மாலையில் நவம்பர் நடுவில் 6 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்னதாகவும், ஜூலையில் 6.40 வாக்கிலும் மறையும்.

அஸ்தமனத்துக்கு ஊருக்கு மேற்கே, கோவளம் சாலையில் உள்ள 'சன்செட் பாயிண்ட்' என்ற இடத்துக்குத்தான் ஆட்டோக்காரர்கள் அழைத்துப் போவார்கள். முனையை விடச் சற்று மேற்கே இருப்பதால் ஏப்ரலில் சில நாள் கூடுதலாகக் கடல் அஸ்தமனம் கிடைக்கும். அதற்கு மேல் அங்கும் கரைதான் குறுக்கே வரும். குளிர்காலத்தில் நல்ல இடம், கோடையில் வீண் செலவு.

கோடையில் வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது முட்டம். நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்திலேயே போய்விடலாம். அங்கிருந்து கரை குளச்சலை நோக்கி வடமேற்காகத் திரும்பிவிடுவதால், ஜூன் மாதச் சூரியனும் கடலில்தான் இறங்குகிறது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே செம்மண் மேடும் அதன் அடியில் பெரும்பாறைகளும் கிடக்கின்றன. மாலை வெயில் பட்டதும் அந்த மண் செங்கல் சூளையைப் போலச் சிவக்கும். கன்னியாகுமரியில் நாம் சூரியனை மட்டும் பார்க்கிறோம். முட்டத்தில் அதன் வெளிச்சம் விழும் மண்ணையும் பார்க்கிறோம். நான் பார்த்த மாலைகளில் மிகச் சிறந்தது, ஓர் ஏப்ரல் மாதத்தில், வீடு திரும்பும் வள்ளம் ஒன்று சூரிய வட்டத்தைக் குறுக்கே கடந்து போன மாலைதான். ஆனால் பாறைகளில் பாசி வழுக்கும், அலை சொல்லாமல் ஏறி வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் மேட்டிலேயே நின்றுகொள்வது நல்லது. இருட்டிய பின் ஆட்டோ கிடைப்பதும் கடினம்.

கூட்டமில்லாத உதயம் வேண்டுவோர் ஊருக்கு வடகிழக்கே உள்ள வட்டக்கோட்டைக்குப் போகலாம். திருவிதாங்கூர் மன்னரின் படைத் தளபதி டிலனாய் வலுப்படுத்திய கருங்கல் கோட்டை அது. அதை ஒட்டிய கருமணல் கரை கிழக்கு நோக்கியது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு அந்த நேரத்தில் அது சரிப்பட்டு வராது.

சித்ரா பௌர்ணமிக்கு இங்கே சூரியன் மறைவதும் நிலவு எழுவதும் ஒரே வேளையில் தெரியும் என்று பெருங்கூட்டம் கூடுகிறது. முழுநிலவு நாளில் சூரியனும் நிலவும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், எந்தப் பௌர்ணமி மாலையிலும் இக்காட்சி ஏறத்தாழ இப்படியே அமையும். சித்திரையில் சூரியன் கரைப்பக்கம் விலகியிருக்கும் என்பதை எண்ணினால், தை, மாசிப் பௌர்ணமிகளே மேல்.

மேகத்துக்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. இம்மாவட்டம் இரண்டு பருவமழையிலும் நனைவது. ஜூன், ஜூலையில் மேற்கும், அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கிழக்கும் மூடிக்கிடக்கும் நாட்கள் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருந்தாலும், தொடுவானத்தில் படியும் புகைமூட்டத்தில் சூரியன் நீரைத் தொடும் முன்பே கரைந்துபோகும் மாலைகள் உண்டு. இதனால் இரண்டு இரவாவது தங்கும்படி திட்டமிடுவது நல்லது.

இப்போதெல்லாம் நான் மாசி மாதத்தில்தான் போகிறேன்; நாகர்கோவிலில் பாதி வாடகைக்கு அறை எடுத்து, விடியுமுன் முதல் பேருந்தைப் பிடித்துவிடுகிறேன். கடல் பார்த்த அறைக்குக் கொடுக்க இருந்த பணத்தில் முட்டத்துக்கு ஆட்டோவைப் போக வர நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.