மேய்ச்சல் தரைக்குப் போகிறவர் போனில் புரூஃப்மோட்: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளியார் அத்துமீறிப் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் இறங்கினார்கள். இப்படியான விடயத்தில் படங்களுக்குக் குறைவில்லை. எங்கே, எப்போது எடுத்தது என்று விசாரணையில் கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது. கார்டியன் புரொஜெக்ட், விட்னஸ் என்ற அமைப்புகள் உருவாக்கிய புரூஃப்மோட் என்ற இலவசச் செயலி அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது.

படம் எடுத்தவுடன் அதன் எஸ்எச்ஏ-256 குறியீட்டை (அந்தப் படக் கோப்புக்கே உரிய கைரேகை மாதிரி) கணித்து, நேரம், ஜிபிஎஸ் இடம், போன் விவரம் எல்லாவற்றையும் தனிக் கோப்பில் எழுதி டிஜிட்டல் கையொப்பமும் இடும். பிறகு படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் குறியீடு ஒத்துவராது. ஆனால் காட்சியே சோடிக்கப்பட்டதா என்பதை எந்தச் செயலியும் சொல்லாது.

காரியம் பெரும்பாலும் கெடுவது வட்ஸ்அப்பில். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், இடமும் நேரமும் அழியும், குறியீடும் மாறும். செயலியிலிருந்து ஸிப் கோப்பாக எடுத்து 'ஆவணம்' வழியாக அனுப்புங்கள். மூலப்படம் போனிலேயே இருக்கட்டும்.

கவரேஜ் இல்லாத காட்டிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். முதல் தடவை இடம் பிடிக்கத்தான் நேரம் எடுக்கும். வெட்டவெளியில் சில நிமிடம் நின்றுவிட்டுப் படம் எடுங்கள்.

வீட்டு வாசலில் எடுத்தால் வீட்டின் இடமும் கோப்போடு போய்விடும். எடுத்தவரின் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய விடயம் இது. செட்டிங்கில் நெட்வேர்க், போன் அடையாளம் இரண்டையும் நிறுத்துங்கள். கோப்பைக் குழுக்களில் போடவே வேண்டாம்.

தூரத்திலிருந்து சரிபார்க்கும் தன்னார்வலருக்கு சென்டினல்-2 செய்மதிப் படம் இலவசம். அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர் என்பதால் உழவு இயந்திரம் தெரியாது, உழுத நிலம் தெரியும். மாரியில் முகில் மறைக்கும். கருகிய திட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சேனைப் பயிருக்காகக் காட்டை எரித்ததும் அப்படித்தான் தெரியும். அதனால் செய்மதிப் படத்தோடு ஒப்பிட, போனில் எடுக்கும் படத்தில் குளக்கட்டோ மலையோ பின்னால் விழ வேண்டும். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் இங்கே உச்சிக்கு நேரே நிற்பதால், நிழலை வைத்து நேரம் கணிக்க முடியாது. காலையோ பின்னேரமோ எடுத்த படம்தான் உதவும்.

இரண்டு தன்னார்வலர்கள் ஒருவர் பதிலை மற்றவர் பார்க்காமல் இடத்தைக் குறிக்கட்டும். ஒத்துவராத படத்தை அறிக்கையில் சேர்க்காமல், மூன்றாமவரிடம் கொடுங்கள்.